சம்பந்தம் பேச வந்த கார் பந்தய வீரர்

சுனாமி வந்து மூன்று வருடம் கழித்து, ஒரு தை மாதக் கடைசியில் நடந்தது இது. பாபநாசத்திலிருந்து பிரிந்து வாய்க்கால் கரையோடு போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். சம்பா அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. நான் அரசுப் புள்ளியியல் துறையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். ஒரே மகளுக்கு வரன் தேடிக்கொண்டிருந்தோம்.

என்னைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. பஸ்ஸில் ஏறினால் தலைகளை எண்ணுவேன், பந்தியில் உட்கார்ந்தால் இலைகளை எண்ணுவேன். எண்ணி முடித்ததும் கவலைப்பட ஆரம்பிப்பேன். தலை அதிகமாக இருந்தால் பஸ் கவிழ்ந்துவிடுமோ என்று கவலை. தலை குறைவாக இருந்தால் இந்த ரூட்டையே நிறுத்திவிடுவார்களோ என்று கவலை. "உங்களுக்குக் கவலை இல்லன்னா அதுக்கும் ஒரு கவலை வந்துடும்" என்பாள் என் மனைவி.

இப்படிப்பட்ட ஆளிடம் என் மைத்துனர் கொண்டுவந்த வரனைப் பாருங்கள். பையனுக்கு ஆற்றுக்கு அக்கரையில் ஊர். அப்பா சிறு வயதிலேயே போய்விட்டார். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் ஐ.டி.ஐ. வரை படிக்க வைத்திருக்கிறார். சென்னையைச் சுற்றி வெளிநாட்டுக் கார் கம்பெனிகள் வரிசையாகக் கடை விரித்த காலத்தில் அதில் ஒன்றில் சேர்ந்து, பயிற்சிக்கு ஜப்பான் போய், அங்கேயே வேலையும் வாங்கிவிட்டான். இதுவரைக்கும் எனக்குச் சம்மதம்தான். ஆனால் அந்தத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, ஒரு கார் பந்தய வீரரிடம் மெக்கானிக்காகச் சேர்ந்துவிட்டானாம். அதுவும் சாதாரணப் பந்தயம் இல்லை. காரைப் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே ஓட்டும் பந்தயமாம்.

"வழுக்கறதுக்கு ஒரு வேலையா?" என்றேன் மைத்துனரிடம்.

"நம்ம முடுக்குல மழை பெஞ்சா எல்லாரும் சும்மாவே வழுக்கறாங்க. அங்க அதுக்குக் கப்பு குடுக்கறாங்க போல" என்றாள் மனைவி.

தஞ்சாவூரில் கல்லூரி ஆசிரியையாக இருந்த என் மகள் அந்தப் பையனோடு போனில் பேசிப் பார்த்திருந்தாள். பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டாள். நான் மட்டும்தான் இழுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பந்தயக்காரர் இன்னும் எத்தனை வருடம் ஓட்டுவார்? கையோ காலோ முறிந்தால் இந்தப் பையனின் வேலை என்ன ஆகும்? ஊர் பேர் தெரியாத நாட்டில் என் மகள் என்ன செய்வாள்? என் கேள்விகளைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன மகள் ஒரு நாள், "அப்பா, அவரை நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேனா, இல்ல அவரோட வேலையை நீங்க பண்ணிக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் மைத்துனர் ஒரு செய்தி கொண்டுவந்தார். அந்தப் பந்தய வீரரே பையனையும் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் பக்கத்திலுள்ள பந்தயத் திடலுக்கு ஏதோ கண்காட்சிக்காக வந்திருக்கிறாராம். பையனுக்குப் பெரியப்பா, சித்தப்பா என்று யாரும் பேச்சுவார்த்தையில் இல்லை. புருஷன் இல்லாதவள் நல்ல காரியத்துக்கு முதலில் வந்து நிற்கக் கூடாது என்று அம்மாவும் தானாகவே ஒதுங்கிக்கொண்டார். அதனால் பையனின் சார்பில் பெரியவராக அந்த ஜப்பானியரே சம்பந்தம் பேச வருகிறார். "கேக்கறதையெல்லாம் நேராவே கேட்டுக்குங்க மாமா. அப்புறம் என்னைப் போட்டு நச்சரிக்காதீங்க" என்றார் மைத்துனர்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் ஆரம்பித்துவிடும் என்பதால் அதற்குள் பேசி முடிக்க வேண்டும். ஜப்பான் பந்தயக்காரர் தானே காரை ஓட்டிக்கொண்டு வருகிறார் என்று தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. கார் பறந்து வரும் என்று பயந்து, எதிர்வீட்டுக்காரர் தன் கோழிகளைப் பிடித்துக் கூடை போட்டுக் கவிழ்த்துவிட்டார். இளவட்டங்கள் மதகு மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

பத்து மணி ஆயிற்று, பத்தரை ஆயிற்று, பதினொன்றும் ஆயிற்று. வேகத்துக்குப் பேர் போனவர் ஒரு மணி நேரம் தாமதம். எனக்கு வாய்க்காலில் கவிழ்ந்துவிட்டார்களோ என்று கவலை வந்துவிட்டது. கடைசியில் தெருமுனையில் ஒரு வெள்ளைக் கார் தெரிந்தது. முன்னால் ஆள் இல்லை, பின்னால் வண்டி இல்லை. இருந்தும் திரும்புவதற்கு விளக்குப் போட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, ஓர் ஆடு சாவகாசமாகக் கடந்து போகும்வரை காத்திருந்து, நடந்து வருகிற வேகத்தில் வந்து எங்கள் வாசலில் நின்றது.

"இதுக்கா என் கோழியைக் கவுத்தேன்?" என்றார் எதிர்வீட்டுக்காரர். "நம்ம மினி பஸ் டிரைவரை ஜப்பானுக்கு அனுப்பினா மொத்தக் கப்பையும் வாரிக்கிட்டு வந்துடுவான்."

பையன் இறங்கி வந்து வணங்கினான். "மன்னிச்சுக்குங்க சார். அவருக்கு ரோட்டுல இவ்வளவுதாங்க வேகம். திருச்சி வரைக்கும் ரயில்ல வந்து, அங்க பிரெண்டோட காரை இரவல் வாங்கினோம். அங்கேயிருந்து இப்படித்தான் வர்றோம்" என்றான். பின்னாலேயே அந்த ஜப்பானியர் வந்தார். நாற்பதைத் தாண்டிய, குள்ளமான, சிரித்த முகமுள்ள மனிதர். எனக்கு, மனைவிக்கு, மைத்துனருக்கு, வேடிக்கை பார்க்க வந்த எதிர்வீட்டுக்காரருக்கு என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இடுப்பு வளைத்து வணக்கம் சொன்னார். ஷூக்களைக் கழற்றி, திரும்பிப் போகும்போது போட வசதியாக வாசலைப் பார்த்து ஜோடியாக வைத்தார்.

"பாருங்க. நீங்க ஒரு செருப்பை வாசல்லயும் ஒண்ணைக் கொல்லையிலயும் விடறீங்க" என்று மனைவி என் காதருகே சொன்னாள்.

கேசரி, பஜ்ஜி, காபி ஆனதும் நான் என் வேலையைத் தொடங்கினேன். அவர் ஜப்பானிய மொழியில் சொல்லச் சொல்லப் பையன் தமிழில் சொன்னான். மலையடிவாரத்தில் நெல் விளையும் ஒரு சிற்றூராம் அவருடையது. அப்பா விவசாயி. வருடத்துக்கு ஒரு போகம்தான், மீதி மாதங்களில் பனி. பனியில் வண்டி தானாக வழுக்கும். வழுக்கும் வண்டியோடு சண்டை போடாமல் போவதற்கு அங்கேதான் பழகியிருக்கிறார். படிப்பு முடிந்ததும் டயர் கடையில் வேலை. ஜனங்கள் கழற்றிப் போட்ட தேய்ந்த டயர்களைத் தன் பழைய காரில் மாட்டிக்கொண்டு, கூட்டாளிகளோடு மலைப்பாதையில் ஓட்டியிருக்கிறார். ஒரு தடவை கார் பாறையில் மோதி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பனின் கால் முறிந்துவிட்டது. அன்றோடு பொதுச்சாலையில் வேகமாகப் போவதை விட்டுவிட்டார். தாமதத்துக்குக் காரணம் இப்போது புரிந்தது.

அதன் பிறகு மூடிய திடலில் நடக்கும் வழுக்குப் போட்டிகளுக்குப் போயிருக்கிறார். அதில் யார் முந்துகிறார்கள் என்பது முக்கியமில்லையாம். வளைவில் காரை எவ்வளவு சாய்வாக, எவ்வளவு நெருக்கமாக, தடுமாறாமல் கொண்டுபோகிறார்கள் என்று பார்த்து நடுவர்கள் மதிப்பெண் போடுவார்களாம்.

மதிப்பெண் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "எத்தனைக்குப் போடுவாங்க?"

"நூத்துக்குங்க."

"இவர் எவ்வளவு வாங்கியிருக்கார்?"

நூறும் வாங்கியிருக்கிறாராம், பூஜ்யமும் வாங்கியிருக்கிறாராம். வண்டி சுற்றிக்கொண்டு நின்றுவிட்டால் பூஜ்யம்தான். அதில் பேர் வாங்கிய பிறகு, திடலைச் சுற்றிச் சுற்றி ஓடி முந்துகிற பந்தயத்துக்கும் போனார். வழுக்கி வழுக்கிப் பழகியவருக்கு அங்கே வழுக்காமல் ஓட்டுவதுதான் கஷ்டமாக இருந்ததாம். முதல் வருடம் முழுக்கக் கடைசியிலேயே வந்துகொண்டிருந்தார். பிறகு ஜெயிக்கவும் ஆரம்பித்தார். நடுவில் முதுகில் அடிபட்டு ஒரு வருடம் படுக்கை. அந்த நேரத்தில் விளம்பரம் கொடுத்த கம்பெனியும் கைவிட்டுவிட்டது. யாரோ கொடுத்த காரில் மறுபடி முதலிலிருந்து தொடங்கி மேலே வந்திருக்கிறார்.

"ஜெயிச்சது எத்தனை, தோத்தது எத்தனைன்னு கேளுப்பா."

கேட்டதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். "ஜெயிச்சதை அவரே எண்ணிடுவாராம். தோத்ததை எண்ண உங்க ஆபீஸ்லேருந்து ஆள் வரணுமாம்" என்றான் பையன். கதவுக்குப் பின்னாலிருந்து என் மகள் சிரித்தது கேட்டது. எனக்கே மனிதரைப் பிடித்துப்போய்விட்டது. ஆனால் பிடித்துப்போனதற்காக மகளைக் கொடுத்துவிட முடியுமா? முக்கியமான கேள்வியை அப்போதுதான் கேட்டேன். இன்னும் எத்தனை வருடம் ஓட்டுவார்?

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார். பிறகு இரண்டு விரல்களை நீட்டினார்.

"இன்னும் ரெண்டு வருஷம்தான் ஓட்டுவாராம்" என்றான் பையன். முகம் வாடிவிட்டாலும் குரல் மாறவில்லை.

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் என்னங்கறது அவருக்கே இன்னும் தெரியாதாம்."

மைத்துனர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏன் தம்பி, தமிழ்ல சொல்லும்போது ஒரு எட்டுப் பத்து வருஷம் சேத்துச் சொல்லப்படாதா? யாரு கண்டா?"

"அவர் சொன்னதைத்தாங்க நான் சொல்லணும்" என்றான் பையன்.

இரண்டு வருடம்! அதற்குள் ஒரு குழந்தை பிறந்திருக்கும். அந்நிய தேசத்தில் கைக்குழந்தையோடு வேலை தேடி அலைவார்களா? "யோசிச்சுச் சொல்றேனே" என்றேன். இந்த வார்த்தைக்கு எங்கள் பக்கம் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். சம்பந்தம் பேச வருகிறவர்களுக்குப் பலகாரம் கொடுக்கலாம், காபி கொடுக்கலாம். ஆனால் முடிவாகாமல் சோறு போடக் கூடாது. கை நனைப்பது என்று சொல்வார்கள். சோற்றில் கை நனைத்துவிட்டால் உறவு ஆகிவிட்டது என்று அர்த்தம். எப்படியும் முடிந்துவிடும் என்ற நம்பிக்கையில் என் மனைவி விருந்தே சமைத்துவைத்திருந்தாள். முருங்கைக்காய் சாம்பாரும் வாழைக்காய் வறுவலும் புதுநெல் அரிசிச் சோறும் கூடம் முழுக்க மணந்தன. அந்த ஜப்பானியர் மூக்கை உயர்த்தி மோந்துவிட்டு ஆவலோடு பையனிடம் ஏதோ கேட்டார். பையன் மெதுவாக விளக்கினான். அவர் முகம் சட்டென்று தீவிரமானது. எழுந்து நின்று, சமையலறைப் பக்கம் திரும்பி, ஆழமாக ஒரு வணக்கம் போட்டார். என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"பசியோட வந்த மனுஷனை மோப்பம் பிடிக்க வச்சு அனுப்பறேன். எந்த ஜென்மத்துல போய் இதைத் தீக்கறது?" என்றாள் என்னிடம். "யோசிக்கப் போறேங்கறதை அந்தப் பையனோட அம்மாகிட்ட நீங்களே நேர்ல போய்ச் சொல்லுங்க. அங்க அவங்க வழி பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. இந்தப் புள்ளை வாயால அதைச் சொல்ல வைக்காதீங்க."

அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். கிளம்பும்போது மகள் வாசல் வரை வந்தாள். "ரெண்டு வருஷம்னு உள்ளதை உள்ளபடி சொன்னாங்களேப்பா, ரெண்டு பேரும். அதை எந்தக் கணக்குல சேப்பீங்க?" என்று மட்டும் கேட்டாள். நான் காரின் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். பையன் பின்னால் உட்கார்ந்தான். நான் பெல்ட் போட்டுக்கொள்ளும்வரை அந்த மனிதர் சாவியைத் திருப்பவில்லை. ஆற்றுக்கு அக்கரை போகிறதுக்கு இவ்வளவு கட்டா என்று முணுமுணுத்துக்கொண்டே மாட்டிக்கொண்டேன்.

தை மாதம் எங்கள் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், தார்ச்சாலையில் பாதிதான் வண்டிகளுக்கு. மீதிப் பாதியில் நெல் காயும். கொள்முதல் நிலையத்தில் ஈரம் இருந்தால் எடுக்க மாட்டார்கள். களமெல்லாம் காணாமல் போய்விட்டதால், அறுத்த நெல்லைச் சாலையில் கொட்டிப் பரப்பி, ஓரத்தில் கல்லை அடுக்கிவிடுவார்கள். அன்றைக்கும் வழி நெடுக நெல். அவர் ஒவ்வொரு நெல் பரப்பையும் தொடாமல், ஒதுங்கி ஒதுங்கி ஓட்டினார். ஒரு மணியைக்கூட மிதிக்கவில்லை.

வாய்க்கால் வளைகிற இடம் அது. எங்களுக்கு இடது பக்கம் காய்கிற நெல், அதற்கும் அந்தப் பக்கம் முழுசாகத் தண்ணீர் ஓடும் வாய்க்கால். எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர், வண்டியை விடப் பெரிய பாரத்தோடு ஆடி ஆடி வந்தது. அதைத் தாண்டிக்கொண்டு எங்கள் ஊர் மினி பஸ் ஹார்ன் அடித்தபடி நேராக எங்கள் மேலேயே வந்தது. வேறு வழியில்லாமல் அவர் காரை இடது பக்கம் நெல்லின் மேல் ஏற்றினார்.

காய்ந்த நெல் மேல் கால் வைத்தவர்களுக்குத் தெரியும், மணிகள் உருளும். கார் எங்கள் பிடியிலிருந்து நழுவுவது எனக்கே தெரிந்தது. நேர் எதிரில், நெல் பரப்பின் கடைசியில், ஒரு பெண்மணி முதுகைக் காட்டிக்கொண்டு காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். பிரேக்கை மிதித்தால் வண்டி வழுக்கிக்கொண்டு நேராக அவர் மேல் போகும். இடது பக்கம் ஒடித்தால் வாய்க்கால். "நெல்லு! ஆளு! தண்ணி!" என்று ஏதேதோ கத்தினேன்.

ஜப்பானியர் பிரேக்கை மிதிக்கவில்லை. ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பினார். இடது கையால் கை பிரேக்கை ஒரு இழு இழுத்து விட்டார். அவ்வளவுதான். காரின் பின்பக்கம் வாய்க்கால் பக்கமாகச் சுழன்றது. கார் குறுக்காகத் திரும்பி, நெல்லை வாரி வாரி இறைத்துக்கொண்டு பக்கவாட்டிலேயே போனது. பரிசல் ஆற்றில் போகிற மாதிரி சத்தமே இல்லை, டயருக்குக் கீழே நெல் சரசரக்கிற சத்தம் மட்டும். என் ஜன்னலுக்கு நேர் எதிரே அந்தப் பெண்மணியின் முதுகு நெருங்கி வந்தது. பின் சீட்டிலிருந்து, "நின்னுடும் சார், பயப்படாதீங்க" என்றான் பையன், பஸ் வந்துவிடும் என்று சொல்கிற குரலில். அவன் சொன்னபடியே நின்றது. அந்தப் பெண்மணிக்கும் காருக்கும் நடுவில் ஒரு சாக்கை விரிக்கிற இடம் இருந்தது.

அவர் திரும்பிப் பார்த்தார். முதலில் பயந்தார், பிறகு நெல்லைப் பார்த்தார். அப்புறம் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு எங்கய்யா இருக்கு உங்களுக்கு? பொழுது விடிஞ்சதுலேருந்து பரப்பி வச்சிருக்கேன். வாய்க்கால் முழுக்க வாரி எறச்சிட்டீங்களே! நாளைக்குக் கொண்டுபோய்ப் போடணும். யாரு அள்ளுவா, உங்க மாமனா?"

ஜப்பானியர் இறங்கிப் போய் அவருக்கும் இடுப்பு வளைத்து வணக்கம் போட்டார். அந்தப் பெண்மணி ஒரு விநாடி திகைத்து, "இது யாரு புதுசா?" என்றார். "அக்கா, தப்பு நிக்காம போயிட்ட அந்த மினி பஸ் மேல. ஆனா நெல்லை நாங்களே அள்ளிப் பரப்பிட்டுத்தான் போவோம்" என்று சொல்லி, பையன் ஓரத்தில் கிடந்த, நெல் தள்ளும் பலகையை எடுத்தான். அந்த ஜப்பானியரோ ஷூவையும் சாக்ஸையும் கழற்றினார். பேண்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு நெல்லில் இறங்கினார். பாதத்தைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்து, வரி வரியாகக் கோடு போட ஆரம்பித்தார். விவசாயி மகன் இல்லையா! கோடு எதுவும் கோணவில்லை.

"அட, நெல்லுல நடக்கத் தெரிஞ்ச ஆளாத்தான் இருக்கு" என்று அந்தப் பெண்மணி இடுப்பிலிருந்து கையை எடுத்தார். "இன்னொரு வரி போடச் சொல்லு தம்பி. அந்தப் பக்கம் இன்னும் ஈரமா இருக்கு."

நான் பக்கத்திலிருந்த மதகில் உட்கார்ந்துகொண்டேன். நெல்லைப் பரப்பி முடித்த பையன் காரைச் சுற்றி வந்து, ஒவ்வொரு சக்கரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு நட்டையும் விரலால் தடவிப் பார்த்தான். ஒரு தடவை பார்த்ததும் திருப்தி இல்லாமல் மறுபடி முதல் சக்கரத்துக்கு வந்தான். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு என்னவோ போல் இருந்தது. நான் கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்க்கிற அதே மாதிரி!

"உன் கையால பூட்டின சக்கரம் எத்தனை தடவை கழண்டிருக்கு தம்பி?" என்று கேட்டேன்.

"கழண்டதில்லைங்க."

நெல்லில் நின்றுகொண்டிருந்த ஜப்பானியர் நான் என்ன கேட்டேன் என்று விசாரித்தார். தெரிந்துகொண்டதும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து ஒரு பூஜ்யம் காட்டினார். அதோடு நிறுத்தாமல் நீளமாக ஏதோ சொன்னார். பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

"என்ன சொல்றார்?"

"ஒண்ணுமில்லைங்க."

"அவர் சொன்னதைத்தான் சொல்லணும்னு வீட்டுல சொன்னியே?"

மாட்டிக்கொண்டான். கூச்சத்தோடு சொன்னான். "போன வருஷம் ஒரு பந்தயத்துல ரெண்டாவதா ஓடிட்டிருந்தார்ங்க. எனக்கு ஒரு போல்ட்டு மேல திடீர்னு சந்தேகம் வந்துடுச்சு. சரியா முடுக்கினேனா இல்லையான்னு. மனசு கேக்கல. ரேடியோவுல கூப்பிட்டு வண்டியை நிறுத்திட்டேன். கழட்டிப் பாத்தா போல்ட்டு சரியாத்தான் இருந்துச்சு. ஆனா அந்தப் பந்தயம் போச்சு. எல்லாரும் என்னைத் திட்டினாங்க. இவர் மட்டும் வந்து, ரொம்ப நன்றி, இனிமேலும் சந்தேகம் வந்தா நிறுத்துன்னார். அதைத்தாங்க சொல்றார். நான் கவலைப்படறதாலதான் அவருக்குக் கவலை இல்லையாம்."

நான் வேலையில் இருந்தபோது வயல் வயலாகப் போய் விளைச்சலை மதிப்பிடுவோம். நிலத்துக்காரர் எப்போதும் நன்றாக விளைந்த மூலையைத்தான் காட்டுவார். நாங்கள் அதைக் கேட்க மாட்டோம். குலுக்கலில் எந்த இடம் வருகிறதோ அங்கே முளையடித்து, அறுத்து, எடை போடுவோம். வீட்டில் கேசரியோடு நடந்த பேச்சு எதுவும் எனக்குத் தீர்ப்பு சொல்லவில்லை. குலுக்கலில் வந்த இடம் இந்த வளைவுதான். இங்கே ஒருவர் அறிமுகமில்லாத பெண்மணிக்காகக் கண் இமைக்காமல் காரைக் குறுக்கே போட்டார். இன்னொருவன் சரியாக இருந்த போல்ட்டுக்காகக் கவலைப்பட்ட கதையைச் சொல்லக் கூசுகிறான். இதற்கு மேல் நான் எதை எடை போடுவது? என் வாழ்நாளில் கவலைப்பட்டதற்காக யாரும் எனக்கு நன்றி சொன்னதில்லை. கவலைப்படுகிற ஒருவனுக்கு நன்றி சொல்லத் தெரிந்த மனிதரை அன்றுதான் பார்த்தேன். கவலைப்படத் தெரிந்த மாப்பிள்ளையையும்.

மதகிலிருந்து எழுந்தேன். "தம்பி, முதல்ல உங்க அம்மாவை ஏத்திக்குவோம்" என்றேன்.

"எதுக்குங்க சார்?"

"சார் என்ன சார்? மாமான்னு கூப்பிடு. வீட்டுல சமைச்சு வச்சது ஆறுது. எமகண்டம் முடிஞ்சதும் தட்டை மாத்திடுவோம்."

மாப்பிள்ளை அப்படியே நின்றுவிட்டார். அதை ஜப்பானிய மொழியில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்தப் பந்தயக்காரருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நெல்லை விட்டு ஓடி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு குலுக்கு குலுக்கு என்று குலுக்கினார். நெல்லுக்காரப் பெண்மணி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நல்ல ஆளுங்கய்யா நீங்க. சம்பந்தம் பேச என் நெல்லுதான் கெடச்சுதா?" என்று சிரித்தார். முந்தானையில் ஒரு படி நெல்லை அள்ளிவந்து, "காலியா போகாதீங்க" என்று என் துண்டில் கொட்டினார்.

மாப்பிள்ளையின் அம்மா வர மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். "நான் வந்து முன்னால நிக்கலாமாங்க?" என்றார். "நீங்க வரலேன்னா என் வீட்டுக்காரி இன்னிக்கு எனக்கும் சோறு போட மாட்டா" என்றேன். அது பொய்யில்லை. அவரைக் காரின் முன் சீட்டில் உட்கார வைத்தோம். பெல்ட் போடச் சொன்னபோது, இது எதற்கு என்று அவர் கேட்டார். "போட்டுக்குங்க சம்பந்தி, போட்டுக்குங்க" என்றேன் நான்.

வீட்டுக்குத் திரும்பியதும் என் மனைவி முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். ஓடிவந்து சம்பந்தியம்மாவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். வெற்றிலைத் தட்டை அந்த அம்மாதான் கொடுக்க வேண்டும் என்று அவளே சொல்லிவிட்டாள். அந்த அம்மாவின் கையோடு சேர்ந்து ஜப்பானியரும் தட்டைப் பிடித்துக் கொடுக்க, இந்தப் பக்கம் நாங்கள் வாங்கிக்கொண்டோம். பிறகு இலை போட்டோம். சாம்பார் சோற்றில் அந்த மனிதர் கை நனைத்த அழகை இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். முழங்கை வரை நனைத்துவிட்டார். மூன்றாவது முறை சோறு கேட்டபோது, "இவர் ஜெயிச்ச பந்தயத்துல இதையும் சேத்துக்கச் சொல்லுங்க" என்றாள் என் மகள்.

சொன்ன சொல் தவறாமல் இரண்டு வருடம் கழித்து அவர் பந்தயத்தை நிறுத்தினார். கடைசிப் பந்தயத்தில் நான்காவதாக வந்தாராம். அன்று இரவு போனில் மாப்பிள்ளை அழுதுகொண்டே சொன்னார். நான் பயந்தபடியே கைக்குழந்தையும் இருந்தது, வேலையும் இல்லை. ஆனால் மூன்று மாதத்தில் இருவருமாகச் சேர்ந்து ஒரு சிறிய பட்டறை தொடங்கினார்கள். அதோடு சேர்த்து, வயதானவர்களுக்குப் பனிக்காலத்தில் பத்திரமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார் அந்தப் பழைய பந்தய வீரர். மகள் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்கிறாள். பேரன் ஜப்பானிய மொழியில் என்னைத் திட்டுகிறான். எனக்குப் புரியாததால் சந்தோஷமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் இன்னும் திருந்தவில்லை. விமானம் ஏறுகிற அன்று மகள் எத்தனை பெட்டி எடுக்கிறாள் என்பதிலிருந்து எல்லாவற்றுக்கும் கவலைப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இப்போது அதற்காக வெட்கப்படுவதில்லை. ஒருவர் துணிந்து வளைவில் திரும்புகிறார் என்றால், அவருக்காக எங்கோ ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கவலைப்பட்டிருக்கிறார் என்பதை, அந்த நெல்லின் மேல் பக்கவாட்டில் போன சில நொடிகள் எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டன.